காபியில் கலந்தது

செவ்வாய், இரவு.

தொடை இன்னும் வலிக்கிறது. அதன் வழியாகத்தான் இன்று காலை ஒயர்களை இதயத்துக்குள் ஏற்றினார்கள். இதயத்தின் பின்புறம் ஓடும் கரோனரி சைனஸ் என்ற ரத்தக்குழாயில் ஒன்றை நிறுத்தினால், இடது மேலறையின் மின்துடிப்பு திரையில் தெரியுமாம். நான் முழித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

"பயப்படாதீங்கம்மா. இப்ப நாங்களே படபடப்பைக் கிளப்பிவிடுவோம். எங்கேர்ந்து கிளம்புதுன்னு பார்த்து அங்க சுட்டுடலாம்" என்றார் டாக்டர். மின்சாரம் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சு குதித்தது, உடனே அடங்கியது. வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து என்னைச் சாய்த்துப்போடும் சனியன் அங்கே வரவே இல்லை.

"படபடப்பு மாத்திரையை நிறுத்தினீங்கதானே? அது உடம்புல இருந்தா இது கிளம்பாது."

"அஞ்சு நாளாச்சு டாக்டர்."

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லிவிட்டார்.

மல்லேஸ்வரம் வீட்டுக்குத் திரும்பும்போது, ஆட்டோவில் என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "தினமும் உன் காபியில நான்தான் அந்த மாத்திரையைப் பொடிச்சுக் கலந்தேன். நிறுத்தினா தூக்கத்துலயே உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..."

டிகாக்‌ஷன் கசப்பில் எனக்குத் தெரியவே இல்லை. டிரைவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

இப்போது நெஞ்சு ஒழுங்காகத்தான் அடிக்கிறது. அது மாத்திரையின் தயவு. அதன் வேகம் இறங்கிவிட்டால், இன்று ராத்திரி, நான் கண்ணை மூடிய பிறகு...

தூங்கப்போகிற நேரத்தில் நான் காபி கேட்கவில்லை. அவராகவே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கலந்திருக்கிறாரா என்று கேட்க வாய் வரவில்லை.

குடித்துவிட்டேன்.