எலிகளுக்கு மட்டும் வந்த மருந்து

என் உயிரான ஈஸ்வரி அக்காவுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். செத்தவர்களைத் திட்டக் கூடாதாம். உன்னைத் திட்டாமல் யாரைத் திட்டுவது? திட்டு வாங்க வேண்டிய மற்றவர்கள் எல்லாம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள்.

எங்கள் ஆய்வகத்து மருந்து போன வாரம் மறுபடியும் பேப்பரில் வந்திருக்கிறது. அதே மருந்து, அதே தலைப்பு. புற்றுநோய்க்குப் புது மருந்து தயார் என்று. என்ன தயார்? யாருக்குத் தயார்?

உனக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று மதுரையில் சொன்ன சமயம், நான் சென்னையில் இந்த வேலையில்தான் இருந்தேன். லீவில் சுருளிப்பட்டிக்கு, உன் திராட்சைத் தோட்டத்துக்கு வந்தபோது கேட்டாய், "நீ அங்கன என்னதான்டி பண்ற?" தையல் போட்டால் தானாகக் கரைகிற நூல் இருக்கிறதே, அதே மாதிரி பாலிமரில் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் செய்து, உள்ளே மருந்தை வைக்கிறோம் என்றேன். உருண்டை கட்டிக்குப் போய்ச் சேர்ந்து மெதுவாகக் கரைந்தால் மருந்து அங்கேயே இறங்கும், உடம்பெல்லாம் பரவி முடி கொட்டுவது குறையும் என்றேன். உடனே பிடித்துக்கொண்டாய். "அப்ப இது சொட்டுநீருடி. எனக்கு இப்பப் போடுறது வாய்க்கா பாச்சல்." எனக்குச் சிரிப்பும் பெருமையுமாக இருந்தது. எலியில்தான் பார்க்கிறோம், மனுசருக்கு வர எத்தனையோ வருசம் ஆகும் என்றும் அன்றைக்கே சொன்னேன். சொன்னேனா இல்லையா?

நீ என்னை நம்பவில்லை, பேப்பரை நம்பினாய். எங்கள் துறைத் தலைவர் நிருபர்களைக் கூப்பிட்டு, கட்டி சுருங்கியது என்றார். சுருங்கியது எலிக்கு என்பதை வாய்க்குள்ளேயே சொன்னார். உருண்டைகளில் பெரும்பங்கைக் கல்லீரல் பிடித்து வைத்துக்கொள்கிறது, கட்டிக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான் என்பதைச் சொல்லவே இல்லை. பேப்பர்காரர்கள் அந்த எலியையும் தூக்கிவிட்டார்கள். பக்கவிளைவே இல்லாத மருந்து கூடிய சீக்கிரம் வருகிறது என்று போட்டார்கள். உன் வீட்டுக்காரர், எங்கள் அருமை மாமா, அதை வெட்டித் தோட்டத்து மோட்டார் ரூம் சுவரில் ஒட்டினார். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டினார். "எங்க கொழுந்தியா செஞ்ச மருந்து!"

அதோடு கீமோ ஊசி போட மதுரைக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன் பண்ணிக் கேட்டபோதெல்லாம் நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஊசியெல்லாம் முடிஞ்சிருச்சுடி. போதும்னு டாக்டரம்மா சொல்லிட்டாக." தீபாவளிக்கு வந்தபோது உன் தலையில் குட்டை குட்டையாக முடி முளைத்திருந்தது. அதைத் தடவித் தடவிச் சந்தோஷப்பட்டேனே, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

இடுப்பு வலி தாங்காமல் உன்னை மறுபடி மதுரைக்குத் தூக்கிப்போனபோது நோய் எலும்புக்குள் போயிருந்தது. "பாதியில நிப்பாட்டிட்டு இப்ப வந்து நிக்கிறீங்களே," என்று அந்த டாக்டரம்மா கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வராந்தாவில் மாமாவைப் பிடித்து உலுக்கினேன்.

"புது மருந்து ஏத்தணும்னா பழசோட வீரியம் எறங்கணும்ல தாயி," என்றார். "துத்தம் அடிச்ச கொடியில ஒடனே மறுமருந்து அடிச்சா எல கருகிப் போகும்ல. அதான் ஊசிய நிப்பாட்டுனோம். உடம்பத் தயார் பண்ணி வச்சுக்கிட்டு, நீ கூப்புடுவன்னு காத்துக்கிட்டிருந்தா ஒங்க அக்கா."

இலை நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தால், அடுத்த மருந்துக்கு இடைவெளி விட வேண்டும், சரி. அது திராட்சைக்கு! உன் உடம்பு என்ன பந்தலில் படர்ந்த கொடியா? திராட்சைத் தோட்டத்துக்காரர்களைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாருக்கு இப்படி ஒரு யோசனை வரும்? நீயாகக் கேட்டால் நான் யாரிடமாவது கெஞ்சி மருந்தை முன்கூட்டியே வாங்கி வந்துவிடுவேன், என் படிப்புக்குக் கேடு வந்துவிடும் என்று பயந்தாயாம். இந்தப் பெருந்தன்மையை உன்னிடம் யார் கேட்டது? ஊசியை விடாமல் போட்டிருந்தால் பிழைத்திருப்பாய் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பையாவது கையில் வைத்திருக்கலாமே அக்கா.

போன வாரக் கதைக்கு வருகிறேன். நிருபர்கள் வருவதற்கு முதல் நாள் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "உங்க அக்கா போட்டோ ஒண்ணு இருந்தா எடுத்துட்டு வாங்கம்மா. கடைசியில காட்டுவோம். மனசைத் தொடும்." ஓங்கி அறையலாம் போல இருந்தது. போட்டோவைக் கொண்டுபோகவில்லை. மறுநாள் கூட்டத்தில், மருந்து எப்போது கடைக்கு வரும் என்று ஒரு நிருபர் கேட்டார். இன்னும் ரெண்டே வருசம் என்றார் தலைவர். எழுந்துபோய் மைக்கை வாங்கினேன்.

"இதை இதுவரைக்கும் எலிகளுக்குத்தான் குடுத்திருக்கோம். மனுசர் ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. இதை நம்பி, இப்பப் போடுற ஊசியை யாரும் நிறுத்திராதீங்க. எங்க அக்கா நிறுத்தினா. செத்துப்போனா."

தலைவர் என்னைப் பார்த்த பார்வைக்கு, என் ஆய்வறிக்கையில் அவர் கையெழுத்து இனி லேசில் விழாது. விழாவிட்டால் போகட்டும்.

மறுநாள் பேப்பரில் எல்லாம் வந்தது. என் படம்கூட வந்தது. நான் சொன்னது மட்டும் வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுவதை ஊரறிய எழுதுகிறேன்.

அன்று காலையிலேயே மாமாவிடமிருந்து போன். "நெசமாவே வந்துருச்சா தாயி?"

அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டு அழுகை வந்தது. அடுத்த நொடி ஆத்திரம் வந்தது. "எலிக்கு மாமா! எலிக்கு!" என்று கத்தினேன். மாமா மெதுவாகச் சொன்னார், "பக்கத்துத் தோட்டத்துப் பேச்சிக்கும் ஒங்க அக்காளுக்கு வந்ததேதான். பேப்பரப் பாத்துட்டு, ஊசிய நிப்பாட்டிரவான்னு எங்கிட்டக் கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

உன்னோடு சேர்ந்து பழம் வெட்டுவாளே, அதே பேச்சி. நிறுத்தவே கூடாது என்று சொல்லுங்கள், நானே வருகிறேன் என்றேன்.

நாளைக்கு ஊருக்குப் பஸ் ஏறுகிறேன் அக்கா. முதலில் மோட்டார் ரூம் சுவரில் இருக்கிற அந்தக் காகிதத்தை நகத்தாலேயே சுரண்டி எடுப்பேன். பிறகு பேச்சியின் கையைப் பிடித்து மதுரைக்குக் கூட்டிப்போவேன். அவளுக்குக் கடைசி ஊசி போடுகிற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் வந்து கூட்டிப்போவேன். அவளுக்கு வாந்தி வரும். முடி கொட்டும். கொட்டட்டும். அடுத்த பழம் வெட்டுக்கு அவள் மொட்டைத் தலையோடு உன் பந்தலுக்குள் வந்து நிற்க வேண்டும். நிற்க வைப்பேன்.

உன்மேல் கோபம் ஆறாத, ஆறவும் விரும்பாத,
உன் ஒரே தங்கச்சி
செல்வி