நிமாய் பாபு எழுதிக் கொடுத்த புகார்

1998 ஆவணி 5, வெள்ளி

ஆம்பிளைங்க புடவை கட்டி நடிக்கிற அந்தத் தொடரை நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தோடு பார்க்க முடியவில்லை என்று டிவிக்காரர்களுக்குப் புகார் போட்டவர்களில் நானும் ஒருத்தி. பஜனைக்கு வரும் மாமிகள் எதிரில் கௌரவமாக இருக்கட்டும் என்றுதான் போட்டேன். இந்த ஊர் வங்காளம் எனக்கு எழுத வராது. என்னை 'மாஷிமா' என்று சித்தி முறையில் கூப்பிடும் கீழ்வீட்டு நிமாய் பாபு, நான் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தார். அந்த மாமியார் வேஷம் ரொம்ப அசிங்கம் என்றேன். குனிந்த தலை நிமிராமல் அதையும் எழுதினார்.

அந்த வேஷம் கட்டினது அவர்தானாம். வேறு வேலையும் இல்லையாம். இன்றைக்கு அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

இறங்கிப் போய், "ஏன் பாபு, அன்றைக்கே சொல்லக்கூடாதா?" என்றேன்.

"எழுதத்தானே கூப்பிட்டீங்க, மாஷிமா?" என்று சிரித்தார்.

அந்த மாமியாரைப் பார்த்து வாராவாரம் வயிறு வலிக்கச் சிரித்தவள் நான். அதை அவரிடம் சொல்ல இன்றைக்கும் வாய் வரவில்லை.