கொம்பில்லாத ஹெல்மெட்

ராயபுரம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் நவ்ரீனுக்கு, அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

என் பேட்ஜை நீ மாற்றிவிட்டாய். அங்கே ஜெர்மனியில், உங்கள் பிரேமன் ஊரில் ஒரு நிபுணரிடம் காட்டி, எந்த வருடத்தது என்று எழுதி வாங்குவதாகச் சொல்லிக் கொண்டுபோனது ஒன்று. போன வாரம் பார்சலில் வந்தது வேறொன்று. தவறுதலாக நடந்தது என்று சொல்லாதே. நான் எட்டாவது தாண்டாத ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் டிரைவர்தான். ஆனால் நாற்பது வருடமாக இந்த ஜெர்மன் பேட்ஜுகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கொடுத்தது 1918. காயம்பட்ட சிப்பாய்க்குக் கொடுக்கும் கறுப்பு பேட்ஜ். திருவொற்றியூர் காயலான் கடையில் தராசுத் தட்டில் ஆணிகளோடு கிடந்ததைப் பொறுக்கினேன். சுற்றி இலை வளையம், குறுக்கே இரண்டு வாள், நடுவில் ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டின் இரு பக்கமும் காற்றுப் போக ஒவ்வொரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். வந்திருப்பதில் குமிழ் இல்லை, வழவழவென்று இருக்கிறது. அது 1957க்குப் பிறகு செய்தது. ஹிட்லர் காலத்து பேட்ஜில் ஹெல்மெட் மேல் ஸ்வஸ்திகா இருந்தது. அதை எடுத்துவிட்டு அணியலாம் என்று 57இல் சட்டம் வந்ததும் புதிதாக அடித்தார்கள். ஸ்வஸ்திகா இல்லையென்றாலே முதல் உலகப் போர்ச் சாமான் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. நான் ஏமாற மாட்டேன்.

உன் அம்மா என்னை வறுத்தெடுக்கிறாள். “இன்னாங்க, துருப்புடிச்ச தகரத்துக்கோசரம் பெத்த பொண்ணயே திருடின்றீங்களே” என்கிறாள். என்னோடு வின்ச் ஓட்டிய தேசப்பன், மீன் மார்க்கெட்டில் அத்தனை பேர் முன்னாலும், “இன்னா மாமு, ஹிட்லர் சொத்து களவு பூட்ச்சாமே” என்றான். 1918இல் ஹிட்லரே சாதாரண சிப்பாய்தான் என்றேன். “பார்றா, அவன் சர்வீஸ் புக்கு கூட மாமுகிட்ட கீது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முதலில் உன் புருஷன் ஜீஷானைத்தான் சந்தேகப்பட்டேன். மாப்பிள்ளை என்பதற்காக மறைக்கவில்லை. ஆனால் அவனுக்கு எல்லாம் ஒரே தகரம்தான். அந்த நிபுணர் மாற்றியிருந்தால் கையில் வாங்கியதுமே நீ கண்டுபிடித்திருப்பாய். ஆகவே நீதான்.

அப்படி முடிவுக்கு வந்த பிறகுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. ஏமாற்ற நினைப்பவர்கள் அசலைப் போலவே ஒன்றைத் தேடுவார்கள். குமிழ் வைத்த போலி அந்த ஊரில் சல்லிசாகக் கிடைக்கும். நீ ஏன் குமிழே இல்லாததை அனுப்பினாய்? ஒன்பது வயதில் அந்தக் குமிழுக்கு ஆட்டுக்கொம்பு என்று பெயர் வைத்தவள் நீ. என் நோட்டில் பக்கம் பக்கமாகக் கொம்பு ஹெல்மெட் வரைந்து என்னிடம் அடி வாங்கியவள். உன் கண்ணுக்கு அது தப்பாது. என் கண்ணுக்கும் தப்பாது என்று உனக்குத் தெரியும்.

மூன்று மாதமாக வீடியோ காலில் பேசும்போது போனை ஜீஷான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான். “நல்லா கீறேன்த்தா” என்று நீ சொல்வதோடு சரி, பிறகு எதைக் கேட்டாலும் அவன் பதில் சொல்கிறான். வேலையை ஏன் விட்டாள் என்று கேட்டேன். “அவளுக்கே புடிக்கல மாமா” என்றான். நீ திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாய். பார்சலில் முகவரியும் அவன் கையெழுத்து, உள்ளே உன் கையால் ஒரு வரி இல்லை. எல்லாவற்றையும் தேதி போட்டு அதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வீட்டுக் கஷ்டத்துக்கு அசலை விற்றிருந்தால் திட்டுவேன், அத்தோடு தீர்ந்தது. அதுவல்ல என்றால், என்னவென்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

உன்னோடு படித்த லுப்னா லீவு முடிந்து நாளை பிரேமனுக்குத் திரும்புகிறாள். ஜீஷான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவள் இதை உன்னிடம் கொடுக்க வேண்டும். நீ படித்து முடிக்கும்வரை காத்திருந்து, கடிதத்தைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும்.

நீ இந்தத் தாளின் பின்பக்கம் ஒரு ஹெல்மெட் வரைய வேண்டும். அத்தாவுக்குச் சந்தேகப் புத்தி என்றால் கொம்பில்லாமல் வரை. இங்கே வர வேண்டுமென்றால் இரண்டு கொம்பும் வைத்து, பாஸ்போர்ட்டை லுப்னாவிடம் கொடு. பாஸ்போர்ட் உன் கையில் இல்லையென்றால் ஒரு கொம்பு போதும். அந்த ஊர் போலீசிடம் என்ன சொல்ல வேண்டும் என்று லுப்னாவிடம் சொல்லியிருக்கிறேன். படத்தை அவள் எனக்கு போனில் அனுப்புவாள்.

டிக்கெட்டைத் தேசப்பன் மகன் போடுவான். காரணம் கேட்காதே என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மாவிடம் இதில் ஒன்றும் சொல்லவில்லை. படம் வரும்வரை என் மேல் கோபமாகவே இருக்கட்டும்.

ஜீஷான் போன் போட்டால் வழக்கம்போல் பேட்ஜைக் கேட்டுக் கத்துவேன். கிறுக்குக் கிழவன் தகரத்துக்கு அலைகிறான் என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் வந்து நிற்பேன். அசலைத் தேடி எடுத்து வராதே. கையை வீசிக்கொண்டு வா.

அல்லாஹ் உனக்குக் காவல்.

இப்படிக்கு,
உன் அத்தா
காஜா மொய்தீன்