சுவருக்கு அந்தப் பக்கம் இழுக்க ஒரு கை

கெலாங் பாத்தா,
புதன்கிழமை.

அன்பு மகன் ரூபேந்திரனுக்கு அப்பா எழுதுவது. உடம்பளவில் நானும் அம்மாவும் நலம், பெர்த்தில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் என் குரல் ஏறிவிடும், அம்மா நடுவில் வாங்கிக்கொள்வாள், அதனால்தான் தட்டி அனுப்புகிறேன். முழுதும் படி.

தீபாவளிக்கு நீ வந்துபோனதிலிருந்து என் கம்ப்யூட்டரில் இணையம் நகரவே இல்லை. மாலை ஆன்லைன் வகுப்பில் ஐந்தாம் படிவப் பிள்ளைகள், சார் நீங்க ரோபோ மாதிரி பேசுறீங்க லா என்று சிரித்தார்கள், இரண்டு பேர் வேறு டியூஷனுக்கே போய்விட்டார்கள். ரூட்டரை அணைத்துப் போட்டேன், வயரை மாற்றினேன், வேறு துளையில் செருகினேன், பலனில்லை. அப்போதுதான் அதே ரூட்டரிலிருந்து சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்கு, உன் சித்தப்பா காளிதாசுக்கு, நான் கொடுத்த வயர் கண்ணில் பட்டது. அவன் மகள் கஸ்தூரி வீட்டிலிருந்தே சிங்கப்பூர் கம்பெனிக்கு வேலை செய்கிறாள், நாள் முழுக்க மீட்டிங், எல்லாவற்றையும் அவர்கள்தான் உறிஞ்சுகிறார்கள் என்று முடிவுகட்டினேன். கிரகப்பிரவேச அழைப்பிதழில் தன் மச்சான் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட்டவன்தானே காளிதாஸ், அதை நான் மறக்கவில்லை. செடி வெட்டும் கத்திரியை எடுத்து, சுவரோரம் அந்த வயரை நறுக்கிவிட்டேன்.

உடனே கேட்டுக்கு வந்து நின்றான். அண்ணே, கேட்டிருந்தா நானே கழட்டியிருப்பேனே, புள்ள மீட்டிங்ல இருக்கா என்றான். தெருவே கேட்க அவனைத் திருடன் என்றேன். ஞாயித்துக்கெழம புள்ள நிச்சயத்துக்கு நீங்க வராட்டியும் பரவால்லண்ணே, தட்ட என் மச்சான் மாத்திக்குவாரு என்று சொல்லித் திரும்பிப் போனான். மறுபடியும் அந்த மச்சான்!

உள்ளே வந்து வேகத்தைச் சோதித்தேன், அணுவளவும் ஏறவில்லை. அம்மாவின் லேப்டாப்பை எடுத்து அதே வயரில் செருகினேன், பறந்தது. அப்படியென்றால் குறை வயரில் இல்லை, பக்கத்து வீட்டிலும் இல்லை, என் கம்ப்யூட்டரை மட்டும் ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. ரூட்டரின் அடியில் நீ எழுதி ஒட்டிய கடவுச்சொல்லைப் போட்டு அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். என் கம்ப்யூட்டரின் பெயருக்கு எதிரே வேக வரம்பு. மற்ற யாருக்கும் இல்லை, எனக்கு மட்டும். அம்மாவைக் கேட்டால், நீங்க வீடியோவுல வகுப்பு எடுக்குறப்ப எல்லாம் மீட்டிங் அந்துபோகுதுன்னு கஸ்தூரி அழுதா, அதான் நம்ம பையன் கொஞ்சம் கொறச்சு வெச்சான், உங்ககிட்ட சொன்னா சண்டைக்குத்தான் போவீங்க என்கிறாள். காளிதாசுக்கு இது தெரியவே தெரியாதாம். ஒன்றும் தெரியாதவன் கேட்டில் நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

முப்பது வருடம் பாடம் நடத்திய மனிதனிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையா உனக்கு? அந்தப் பெண்ணுக்காகக் கேட்டிருந்தால் வகுப்பு நேரத்தையே மாற்றியிருப்பேன். மாற்றியிருக்க மாட்டேன் என்று அம்மா சொல்கிறாள், அது வேறு. நீ செய்ததை நான் நீக்கவில்லை, அப்படியே இருக்கிறது. இப்போது கஸ்தூரி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு புக்கிட் இண்டாவில் ஏதோ காப்பிக் கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள், போகும்போது கேட்டில் என்னைப் பார்த்தும் பெரியப்பா என்று கூப்பிடவில்லை. அவளை முதன்முதலில் பள்ளிக்கு அழைத்துப் போனவன் நான். அவளுடைய தட்டை வேறொருவன் மாற்றுவதா?

ஆகவே ஒன்று செய். இன்றே சித்தப்பாவுக்குப் போன் போட்டு, வரம்பு வைத்தது நீ என்று உன் வாயால் சொல். புது வயர் வாங்கிவிட்டேன், முனையில் செருகும் தலையும் போட்டாயிற்று. சுவரின் துளையில் என்னால் முடிந்த மட்டும் தள்ளினேன், பாதியில் முட்டி நிற்கிறது. அந்தப் பக்கம் யாராவது பிடித்து இழுத்தால்தான் வரும். அதையும் சொல். நான் சொல்லச் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதே.

குளிர் தொடங்கிவிட்டதாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு வேட்டியை அம்மா இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள்.

உன் அப்பா,
அர்ச்சுனன்