கோழிக்கூட்டிலிருந்து வந்த கார்

ஆகஸ்ட் 2, திங்கள்

மழை. மரவள்ளி, காலையும் மாலையும்.

1943. ஜப்பான்காரன் கணக்கில் 2603. ஒரே அடியாக அறுநூற்று அறுபது வயது கூடிவிட்டது எனக்கு. மீசையைத்தான் இன்னும் காணோம்.

எங்கள் கார் செத்தது. கார் என்பது மரியாதைக்கு. அது தேர், நாலு பேர் இழுத்தால்தான் நகரும். பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் கரியடுப்பு வேறு, ஆகவே தீபாராதனையும் உண்டு. இன்று பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் பாலத்தருகே இஞ்சினுக்குள் ஏதோ முறிந்து, எண்ணெய் முழுவதும் சடக்கில், நடுரோட்டில். மாற்றுச் சாமான் ஊரில் எங்கும் இல்லையாம். அப்பா இறங்கி நின்றார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 3

வெயில். அதே மரவள்ளி.

பயம் எதற்கென்றால், அப்பாவின் வாடகைக்கார் பாஸ். அது கையில் இருந்தால் சயாமில் ரயில் போடப் பிடித்துப்போக மாட்டார்கள். கார் ஓடினால்தான் பாஸ். வெள்ளிக்கிழமை பரிசோதனை. எதிர்வீட்டு முனியாண்டி அண்ணன் இலவசப் படம் என்று போனார், கொட்டகை வாசலிலேயே லோரியில் ஏற்றிவிட்டார்கள். என்ன படம் என்றுகூடத் தெரியாமல் போனார்.

அம்மா தையல் மிஷினைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறாள். விற்கத்தான். கேட்டால் தூசி என்கிறாள்.

ஆகஸ்ட் 4

கிள்ளான். ரயிலில், அப்பாவும் நானும்.

துணிக்கடை ராவுத்தர், அப்பாவின் பழைய சவாரிக்காரர். அங்கே பண்டமாரானில் அவர் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூடு. கோழிகளை விரட்டி ஓலையை நீக்கினார். உள்ளே எங்கள் கார்! அதாவது அதன் உடன்பிறப்பு. அதே மாடல், அதே கறுப்பு, ஆனால் பல்லெல்லாம் இருக்கிறது. சக்கரங்களைக் கிணற்றடியில் புதைத்திருந்தார்.

அவர் தலைக்கு மேலும் கத்தி. பதிவான சொந்தக் கார்களை எல்லாம் சனிக்கிழமைக்குள் ஒப்படைக்க உத்தரவு. ஆகவே காருக்குக் கார் என்றார். நம்பர் பிளேட்டை மாற்றிக்கொள்வது. அவர் நம்பரோடு எங்கள் பிணம் ஜ.காரனுக்கு, எங்கள் நம்பரோடு அவர் கார் எங்களுக்கு.

"அவனுக்குக் குடுக்குறதுக்குப் பதிலா உங்கிட்ட இருக்கட்டும் தம்பி. சண்டை முடிஞ்சா திருப்பிக் குடு. கோழி எச்சத்த மட்டும் நீயே வெச்சுக்க."

அப்பா சிரித்தார். நான் அடித்த எந்த ஜோக்குக்கும் இப்படிச் சிரித்ததில்லை. பொறாமை.

ஆகஸ்ட் 5

விடியுமுன் கிளம்பி, தேரை மாட்டுவண்டியில் கட்டிக் கிள்ளானுக்கு இழுத்தாயிற்று. கரியடுப்பு புதுசுக்கு மாறியது. உடம்பெல்லாம் வலி, கரி, கோழி நாற்றம்.

ஆகஸ்ட் 6, வெள்ளி

பரிசோதனை. அதிகாரி சீட்டுக்கடியிலிருந்து ஒரு இறகை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். தலையணை கிழிந்துவிட்டது துவான் என்றேன் மலாயில். முத்திரை குத்தினான்.

மிஷின் மறுபடி மூலைக்கு. அம்மா கால் வலிக்கத் தைத்தாள், தைக்கத் துணியில்லாமல் பழைய சாக்கையே.

ஆகஸ்ட் 11

ராவுத்தர் வந்தார். தலையில் தொப்பி இல்லை, ஒரு கன்னம் வீங்கியிருந்தது. ஒப்படைத்த கார் ஓடவில்லையென்று அறைந்திருக்கிறார்கள். யாருக்கு இதைச் சரிசெய்யத் தெரியும் என்று கேட்டு மறுபடியும் அறை. அப்பா பெயரைச் சொல்லிவிட்டார்.

"வேற பேரு வாயில வரல தம்பி."

அப்பா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

ஆகஸ்ட் 12

அப்பா ஜ. பட்டறையில். அங்கே சாமான் மலைமலையாகக் கிடக்கிறதாம், பூட்டத் தெரிந்த கைதான் இல்லை. சாயங்காலம் வந்ததும் நான் சொன்னேன்: வேண்டுமென்றே தப்பாகப் பூட்டிவிடுங்கள். இதைவிடப் பெரிய குறும்பெல்லாம் நான் செய்து தப்பித்திருக்கிறேன்.

"ஓடலன்னா மறுபடி ராவுத்தரத்தான் அடிப்பானுங்க. நோண்டுனா நம்பரு விஷயம் வெளிய வந்துரும். ரெண்டு வீடும் போயிரும்டா."

ஓடினால்? கேட்டேன். கை கழுவப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 16

ஓடியது, சனியன். எங்களிடம் ஒரு நாளாவது இப்படி ஓடியதா?

பட்டறை அதிகாரிக்கு ஏக மகிழ்ச்சி. அப்பாவுக்கு ஒரு சிகரெட். அவனுக்குச் சயாமில் கார் வேண்டுமாம், காரோடு அதைப் பார்த்துக்கொள்ள ஆளும். அப்பா பாஸைக் காட்டினார். பாஸ் வீட்டிலிருக்கும் காருக்கு, வேறு யாராவது ஓட்டட்டும் என்று சிரித்தானாம். மொழிபெயர்த்தவன் சிரிக்கவில்லை.

வேறு யாராவது என்றால் நான். பிரேக் எட்டுகிறது, சீட்டு நுனியில் உட்கார்ந்தால்.

அம்மா சாப்பிடவில்லை. நானும்.

ஆகஸ்ட் 18

ஸ்டேஷன். தூறல்.

கூரையில்லாத வேகனில் பழைய கார், கயிறு போட்டுக் கட்டி. உட்கார வேறு இடமில்லை, அப்பா அதன் டிரைவர் சீட்டிலேயே. சிப்பாய் எங்களை வேலிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டான். மரவள்ளிப் பொட்டலம் அம்மா கையிலேயே இருந்தது. என்னை இடித்தாள்.

"எதையாச்சும் சொல்லுடா. சிரிக்கட்டும்."

வேலிக்கு மேல் கையை ஆட்டினேன்.

வண்டி நகர்ந்ததும் அப்பா ஏதோ கத்தினார். கேட்கவில்லை. கையால் காட்டினார்: இஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றுவதுபோல், பிறகு விரலால் எதையோ அழுத்தி, மறுபடி சுற்றி. காலையில் புதுக் கார் கிளம்பாவிட்டால் செய்யவேண்டியதுபோல. இன்னொரு தடவை காட்டினார், மெதுவாக. நடுவில் எதை அழுத்தச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

புரிந்தது என்று தலையாட்டினேன். அப்பா கையை இறக்கிக்கொண்டார்.