எழுதிங்களுக்குக் கிளம்பிய அண்ணாவுக்கு

என்னைக் ‘கண்ணு’ என்று கூப்பிட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கை தானாக எழுதப் போனது. பழக்கதோஷம். நான் இருக்கிறேன். தை மாதம் நம் பாப்பாவுக்குக் கல்யாணம். பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். நீங்கள் இருந்திருந்தால் ஒரு போலீஸ் பார்வையிலேயே அடக்கியிருப்பீர்கள்.

நேற்று அச்சகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்தது. தாய்மாமன் என்ற இடத்தில் உங்கள் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று இருந்தது. அச்சகத்துக்காரர் மேல் எரிந்து விழுந்தேன். “நீங்க எழுதிக் குடுத்ததுதானுங்க அம்மணி” என்றார் பாவம். ஆமாம், நான் எழுதிக் கொடுத்ததுதான்.

வெள்ளகோவிலில் மானாவாரிக் காட்டில் சோளம் விதைத்தவரின் மகன் ஆந்திராவில் ஒரு காட்டு மாவட்டத்துக்கே எஸ்.பி. ஆனதில் ஊருக்கெல்லாம் பெருமை. எனக்குப் பயம். காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்ட் தோழர்கள், வெளியே துப்பாக்கியோடு உங்கள் ஆட்கள். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓட ஓட நான் அந்தத் தோழர்களைத் திட்டுவேன். “அப்படிப் பேசாத கண்ணு. நேத்து செத்த பையனுக்கு இருபது வயசுகூட இருக்காது. அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பா” என்றீர்கள் ஒருமுறை. அவனை யார் சுட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். “எப்பங்ண்ணா வாரீங்க?”

கூடப் பிறந்தவன் வந்து எழுதிங்கள் சீர் செய்யாத வரை, கல்யாணமான பெண்கூட நம் பக்கத்தில் எந்தக் கல்யாணத்திலும் முன்னால் நின்று சீர் செய்ய முடியாது. உங்களுக்கு லீவு கிடைக்காமல் ஐந்து வருஷம் தள்ளிப் போனது. ஒவ்வொரு விசேஷத்திலும் பின்னால் போய் நின்றேன். “உங்கண்ணனுக்கு லீவே குடுக்க மாட்டாங்களா?” என்று சிரிப்பார்கள். அந்த ஆத்திரத்தில் உங்களைக் கேட்காமலே நாள் குறித்துவிட்டு, பிறகு போனில் சொன்னேன். உங்கள் பெயரையும் பதவியையும் பெரிய எழுத்தில் போட்டுப் பத்திரிகை அடித்து, ஒரு கட்டை உங்கள் ஆபீசுக்கே பார்சலில் அனுப்பினேன். கூட வேலை செய்கிறவர்களை அழைக்காவிட்டால் மரியாதை இல்லையே என்று நினைத்தேன். போகிற இடத்தை டிரைவரிடம்கூடக் கடைசி நிமிஷத்தில் சொல்கிற மனுஷனின் பயணத் தேதியை, நான் அச்சடித்து அனுப்பினேன்.

சீருக்கு இரண்டு நாள் முன்னால், ரயிலுக்கு வரும் வழியில் கண்ணிவெடி. இங்கே பீளமேட்டில் வாழைமரத்தை மட்டும் அவிழ்த்தார்கள். சீருக்குப் போட்ட பந்தலில்தான் உங்களைக் கிடத்தினோம்.

என் பத்திரிகைதான் உங்களைக் கொன்றது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியிடம் எப்படிச் சொல்வேன்? அவர் பவானியில் தன் அம்மா வீட்டில் இருக்கிறார். போனில் பேசுகிறோம், உங்களைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

போன மாதம் தமிழ் தெரிந்த உங்கள் காவலர் ஒருவர் வந்தார். அன்று பின்னால் வந்த ஜீப்பில் இருந்தவராம். உங்கள் மேஜை டிராயரில் கிடந்ததென்று அந்தக் கட்டைக் கொடுத்தார். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. “சார் பிரிக்கவே இல்லைம்மா. லீவுல போறார்னு அன்னைக்குச் சாயங்காலந்தான் எங்களுக்கே தெரியும்” என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். எப்படி நடந்தது என்று கேட்டுத் தொலைத்தேன்.

“எப்பவும் சுத்து ரோட்டுலதான் போவார்மா. அன்னைக்கு மீட்டிங் முடிய லேட்டு. சுத்திப் போனா ட்ரெய்ன் கெடைக்காது. ‘தங்கச்சி வழி பாத்துக்கிட்டு நிப்பா, நேர் ரோட்டுலயே விடு’ன்னார்.”

அப்படியானால் பத்திரிகை இல்லை அண்ணா. நான் காத்திருந்தேனே, அதுதான். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். இதை உங்களிடம்தான் சொல்ல முடியும், நீங்களோ இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் எழுதிங்களைத் தான் செய்கிறேன் என்று பெரியப்பா மகன் வந்து நின்றார். வேண்டாம், என் மகள் கல்யாணத்திலும் பின்னாலேயே நின்றுகொள்கிறேன் என்றேன். பாப்பா விடவில்லை.

“மாமா சீருக்குத்தானுங்கம்மா கெளம்புனாங்க? நீங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டா, அவங்க கெளம்புனதுக்கு என்னங்கம்மா அர்த்தம்?”

சரி என்றுவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை சீர். மணையில் உட்கார்ந்தாலும் கண் வாசலில்தான் இருக்கும், அதற்கு நான் என்ன செய்ய?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். பெரியப்பா மகன் காங்கேயத்திலிருந்து கார் எடுத்து வரவேண்டும். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். சுற்று ரோட்டில் மெதுவாக வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். “நேரா வந்தா ஒன்றரை மணி நேரந்தானே அம்மணி, இங்கென்ன பயம்?” என்று சிரித்தார். முகூர்த்தம் தப்பினால் தப்பட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வழியையே பார்த்துப் பழகிப்போன தங்கச்சி