கட் சொல்லாத தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நீ சுகமாக இருப்பது பேப்பரில் வந்த உன் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கழுத்தில் மஃப்ளர், கையில் விருது, கன்னத்தில் கொஞ்சம் சதை. இங்கே யாருக்கு என்ன சுகம் என்பதைக் கீழே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் “அக்கா, மீட்டிங்ல இருக்கேன்” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து படி.

அடுத்த படத்திலும் நீங்கள்தான் என்று மாமாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய். இந்த முறை லாக்கப்பில் அடி வாங்குகிறவராம். அன்றிலிருந்து என் வீட்டு மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. லேத் பட்டறையிலிருந்து வந்ததும் மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு, விழுந்து விழுந்து பழகுகிறார். நேற்று விழுந்ததில் நாற்காலிக் கால் முறிந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் காய் நறுக்கிய கத்தியோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தேன். என்னைப் பார்த்து அவர்தான் நடுங்கிப்போனார். ஏன் அப்படி ஓடி வந்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். போன படத்தில் மாமா அடி வாங்கிய பட்டறைக் காட்சியை நீ கேமராவின் சின்னக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாய். நான் காதால் கேட்டேன்.

தயாரிப்பாளர் என்று ஒருவர் இல்லாத உன் படங்களுக்கு நாங்கள்தானே எல்லாம். மாமா கதாநாயகன். நான் ஒட்டடைக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டிக்கொண்டு, ஹெட்போன் மாட்டி நிற்பவள். அன்று அடிக்க வந்த மூன்று பேரும் லாரியில் சுமை ஏற்றுகிறவர்கள். நடிக்கத் தெரியாதவர்கள்தான் வேண்டும் என்று நீயே தேடிப் பிடித்தாய். வழக்கம்போல ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாய். ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குத் தெரியக் கூடாது, கடைசிவரை ‘கட்’ சொல்லக் கூடாது, நடிக்கிறோம் என்பதையே ஆட்கள் மறக்கும்வரை கேமரா ஓட வேண்டும். இது உன் பாணி.

அவர்களிடம் நீ சொன்னது, “எந்திரிச்சா அடிங்க, விழுந்து கிடந்தா நிறுத்திடுங்க” என்று. மாமாவிடம் சொன்னது, “என் குரல் கேக்குற வரைக்கும் எந்திரிச்சுக்கிட்டே இருங்க மாமா” என்று. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நீ.

முதலில் விழுந்த அறைகள் பொய்தான். பிறகு ஒரு கை நிஜமாகவே பட்டது. மாமா எழுந்தார். முழங்கையால் முதுகில் குத்தினார்கள். எழுந்தார். லேத் மெஷின் விளிம்பில் வாய் மோதி உதடு கிழிந்தது. அவர் ரத்தத்தை விழுங்குகிற சத்தம் என் காதுக்குள் கேட்டது. அப்போதும் எழுந்தார். அந்த மூன்று பேருக்கும் இப்போது நிஜமான கோபம் வந்துவிட்டது, இந்த ஆள் ஏன் விழுந்து கிடக்க மாட்டேன் என்கிறான் என்று. ஒருவனுடைய பூட்ஸ் கால் காதோரமாக இறங்கியது. விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகும் கையை ஊன்றி எழப் பார்த்தாரே, உன் குரல் வரும் என்று! நீ கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். ஒட்டடைக் கம்பாலேயே அந்தப் பூட்ஸ்காரன் மண்டையில் போட்டேன். மைக் தெறித்து விழுந்தது, கம்பு இரண்டாக உடைந்தது. உடைந்த முனையை அவன் கழுத்துக்கு நேராக நீட்டினேன். அவன் ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் குத்தியிருப்பேன். சத்தியமாகக் குத்தியிருப்பேன்.

இத்தனையும் உன் படத்தில் இருக்கிறது. மைக் விழுந்து சத்தம் நின்றுபோன இடத்தில் ‘இயக்குநரின் மௌனம் பேசுகிறது’ என்று பேப்பரில் எழுதியிருக்கிறார்கள். பேசியது ஒட்டடைக் கம்பு. குறுக்கே பாய்கிற பெண் யார் என்று பேட்டியில் கேட்டதற்கு, அது திரைக்கதையிலேயே இருந்தது என்று சொல்லியிருக்கிறாய். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறின பிறகு யோசித்தேன். அப்பா பெல்ட்டை உருவும்போதெல்லாம் உனக்கும் அவருக்கும் குறுக்கே விழுந்தவள் நான்தானே. உன் நான்கு படங்களிலும் ஒருவன் அடி வாங்குகிறான். அவன் யாரென்று விருது கொடுக்கிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முதல் மூன்றில் அவனுக்காக ஒருவரும் வரவில்லை. நாலாவதில் கூப்பிடாமலே நான் வந்துவிட்டேன். அதை வெட்டிப்போட உனக்கு மனம் வந்திருக்காது. ஆனால் அந்தக் காலத்தில் உன்னைக் காப்பாற்ற விழுந்தேன். பட்டறையில் உன்னிடமிருந்து ஒருவரைக் காப்பாற்ற விழுந்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை தம்பி.

பூட்ஸ்காரன் அவ்வப்போது வருகிறான். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. உள்ளே வரச் சொன்னாலும் வாசலிலேயே நின்று, “அண்ணன் படுத்திருந்தா நிறுத்தியிருப்பேன்க்கா, அப்படித்தான் சொல்லியிருந்தாங்க” என்று அழுகிறான். நீ அவர்களுடைய காதில் சொன்னது எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இந்தப் படத்துக்குப் போக வேண்டாம் என்று மாமாவிடம் சண்டை போட்டேன். தட்டைத் தூக்கி எறிந்தேன். அவர் பொறுக்கி எடுத்துக்கொண்டே, “உன் தம்பி படத்துலதான் என்னை நாலு பேரு ஒரு ஆளா பாக்குறாங்க. அதையும் கெடுத்துடாதே” என்றார். வேறு ஆளைப் போட்டுக்கொள் என்று உனக்கு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த வேறு ஆளுக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாள். அவள் கையில் கம்பு இருக்காது.

சொல்லக் கூடாது என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கிய விஷயம் ஒன்று இருக்கிறது. சத்தியத்தை மீறுகிறேன். காயம் ஆறிவிட்டது என்று உன்னிடம் சொன்னோமே, தோல்தான் ஆறியது. இடது காது போய்விட்டது. டாக்டரிடம் படிக்கட்டில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார், உன் பேர் கெடக் கூடாதாம். மெஷின் சத்தம் சரியாகப் பிடிபடாமல் அதன் மேலே உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்து வேலை செய்கிறார். போன வாரம் ஒரு விரல் போயிருக்கும்.

உனக்கு இன்னும் பேர் கிடைக்கட்டும். கண் கேமராவில் இருக்கும்போதும் உன் வாய் திறக்கட்டும். உன் குரல் கேட்கிறவரை அவர் எழுந்துகொண்டேதான் இருப்பார், கொடுத்த வாக்கைத் தவறாத மனுஷர். அதனால் அவருக்கு வலது பக்கமாக நின்று சொல். உரக்கச் சொல்லடா.

உன் அக்கா